முறையீடு இல்லா நோயைத் தேடிச் செல்லுதல்: தமிழகத்தில் நீரிழிவு விழித்திரை நோய்த் தடுப்பின் வரலாறும் கல்வராயன் மலையும்

ஆய்வுச் சுருக்கம்

நீரிழிவினால் விழித்திரையில் தோன்றும் நோய், பார்வை குறையத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கண்ணுள் இடம்பெற்றுவிடுகிறது. அக்காலத்தில் நோயாளருக்கு வலியில்லை, மங்கலில்லை, மருத்துவரிடம் சொல்வதற்கு முறையீடும் இல்லை. ஆனால் சிகிச்சை நிறைந்த பயன் தருவதும் அந்த முறையீடற்ற காலத்தில்தான். தமிழகத்தின் கண் மருத்துவப் பொதுநலப் பணி கண்புரையை மையமாகக் கொண்டு, முகாம் எனும் வடிவில் வளர்ந்தது. ஒருமுறை கண்டு ஒருமுறை அறுவை செய்து முடிக்கத்தக்க நோய்க்கு அவ்வடிவம் பொருந்தியது. ஆண்டுதோறும் அதே மனிதரை மீண்டும் பார்க்க வேண்டிய நோய்க்கு அது போதுமானதாக இல்லை. இந்த முரணின் வரலாற்றை, 1976ஆம் ஆண்டை மையப்புள்ளியாகக் கொண்டும், கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைப்பகுதியைக் களமாகக் கொண்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: நீரிழிவு, விழித்திரை நோய், முன்னறிதல், கண் மருத்துவ முகாம், கல்வராயன் மலை, மலையாளிப் பழங்குடியினர், பதிவேடு, மக்களைத் தேடி மருத்துவம்.

முன்னுரை

1976ஆம் ஆண்டில், ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கு நிகழ்வுகள் நடந்தன. இந்திய அரசு தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவினார். அமெரிக்காவில் நடைபெற்ற நீரிழிவு விழித்திரை நோய் ஆய்வு, ஒளிக்கதிர்ச் சிகிச்சை கடும் பார்வையிழப்பைத் தடுக்கும் என்னும் தன் முதன்மை முடிவை வெளியிட்டது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேற்கெல்லையில், கல்வராயன் மலையில் நிலவிய ஜாகீர் ஆட்சி முடிவுக்கு வந்து, அம்மலை அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது.

நோயைத் தடுக்கும் வழி அறியப்பட்டது; அதைச் செயற்படுத்துவதற்கான நிறுவனங்கள் தோன்றின; மலைவாழ் மக்களும் அரசின் எல்லைக்குள் வந்தனர். இருந்தும் இம்மூன்றும் ஒன்றுசேர அரை நூற்றாண்டு போதவில்லை. இதற்குக் கருவிப் பற்றாக்குறையையோ மருத்துவர் பற்றாக்குறையையோ மட்டும் காரணமாகக் கூறுவது வழக்கம். அவையும் காரணங்களே. ஆயினும் அவற்றினும் அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. தமிழகக் கண் மருத்துவத்தின் பொதுநல மரபு, முறையீட்டுடன் வருபவரை ஏற்றுக் குணப்படுத்தும் மரபாக வளர்ந்தது. முறையீடு இல்லாதவரைத் தேடிச் சென்று, பெயரெழுதி, ஆண்டுதோறும் மீண்டும் அழைக்கும் மரபாக அது வளரவில்லை. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

விழித்திரை உடலின் மிகுந்த ஆற்றல் வேண்டும் திசுக்களுள் ஒன்று. அதற்கு உணவும் உயிர்வளியும் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும் காலமெல்லாம் மெல்லச் சிதைகின்றன. முதலில் குழாய்ச் சுவரைத் தாங்கும் உயிரணுக்கள் அழிகின்றன. வலுவிழந்த இடங்களில் சுவர் சிறு குமிழ்களாகப் புடைக்கிறது. இக்குமிழ்களிலிருந்து இரத்தமும் நீர்மமும் கொழுப்பும் கசிகின்றன. கசிவு விழித்திரையின் நடுப்புள்ளியில் தேங்கினால் எழுத்துகளும் முகங்களும் தெளிவிழக்கின்றன. வேறு சில இடங்களில் குழாய்கள் அடைபட்டுவிடுவதால், உயிர்வளி வேண்டித் தவிக்கும் விழித்திரை புதிய குழாய்களை வளரத் தூண்டும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. அவ்வாறு வளரும் குழாய்கள் மெலிந்தவை. எளிதில் உடைந்து கண்ணுள் குருதியை நிரப்புபவை. அவற்றுடன் வளரும் நார்த்திசு பின்னர்ச் சுருங்கி விழித்திரையையே பெயர்த்துவிடுவதும் உண்டு.

இந்த வரிசையில் நோயாளர் தாமாக உணர்வது பெரும்பாலும் இறுதிப் படிகளையே. குமிழ்களும் சிறு கசிவுகளும் உள்ளபோதும், சில வேளைகளில் புதிய குழாய்கள் வளர்ந்துவிட்ட பின்பும், எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படித்துவிடுபவர்கள் உளர். பார்வை நன்றாக இருப்பதே நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது என்பது இந்நோயின் தனித்தன்மை. எனவே இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயும் அதன்பின் ஆண்டுக்கொரு முறையும், முதல் வகை நீரிழிவில் ஐந்தாண்டுகளுக்குப் பின் தொடங்கி ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ உலகின் பொது நெறியாயிற்று. நோய் தோன்றும் வாய்ப்பு நீரிழிவின் வயதோடு ஏறுகிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருப்பின் குறைகிறது. சர்க்கரைக் கட்டுப்பாட்டின் பயனை 1993இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வும், அதனோடு இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டின் பயனையும் 1998இல் வெளிவந்த பிரிட்டானிய ஆய்வும் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டின.

கண்ணின் உள்ளே பார்த்த வரலாறு

உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காண்பது 1851க்கு முன் இயலாதிருந்தது. அவ்வாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்ட கண்ணகநோக்கி அந்த வாயிலைத் திறந்தது. சில ஆண்டுகளில், வியன்னாவில் எட்வர்ட் யேகர் நீரிழிவாளர் ஒருவரின் விழித்திரை நடுப்பகுதியில் மஞ்சள் நிறப் புள்ளிகளைக் கண்டு பதிந்தார். அவை நீரிழிவினால் வந்தவைதாமா என்பதை அக்காலத்துப் பெருமருத்துவர் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே ஏற்கவில்லை. 1876இல் வில்ஹெல்ம் மான்ஸ், விழித்திரையிலிருந்து வளரும் நார்த்திசுவையும் அதனால் நேரும் கேட்டையும் விவரித்தார். ஆயினும் நீரிழிவுக்கும் விழித்திரைக்கும் உள்ள உறவு நெடுங்காலம் விவாதப் பொருளாகவே இருந்தது.

அவ்விவாதத்தை முடித்துவைத்ததில் இன்சுலினுக்குப் பங்குண்டு. 1921-22இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டறியப்பட்டு நோயாளருக்கு அளிக்கப்பட்டது. அதற்குமுன் இளவயதில் நீரிழிவு வந்தோர் விழித்திரை சிதையும் காலம்வரை உயிர்வாழ்ந்ததில்லை. இன்சுலின் அவர்களின் ஆயுளை நீட்டியது. நீண்ட ஆயுள் விழித்திரை நோயை வெளிக்கொணர்ந்தது. உயிரைக் காத்த மருத்துவம் அதன் அடுத்த கடமையாகப் பார்வையைக் காக்க வேண்டியதாயிற்று. இதே வரிசை பிற்காலத்தில் தமிழகத்திலும் நிகழ்ந்தது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

கெர்ட் மேயர்-ஷ்விக்கெரத் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1940களின் இறுதியில் ஒளியைக் குவித்து விழித்திரையைச் சுடும் முறையை உருவாக்கினார். அது உண்மையில் பார்வையைக் காக்கிறதா என்பதை அறிய, அமெரிக்காவில் 1,700க்கும் மேற்பட்ட நோயாளரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்கு மட்டும் சிகிச்சை. மற்றொரு கண் ஒப்பீட்டுக்காக விடப்பட்டது. சிகிச்சை பெற்ற கண்களில் கடும் பார்வையிழப்பு பாதிக்கும் மேலாகக் குறைந்தது என்பதே 1976இல் வெளியான முடிவு. 1985இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நடுப்புள்ளி வீக்கத்திலும் லேசர் சிகிச்சை பார்வையிழப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதை மெய்ப்பித்தது. புதுக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2000க்குப் பின் வழக்குக்கு வந்தன. இவை அனைத்துக்கும் பொதுவான ஒரு வரம்புண்டு. இழந்த பார்வையை முழுதும் மீட்பது அரிது. எஞ்சியுள்ள பார்வையைக் காப்பதே அவற்றின் முதற்பயன். ஆகவே சிகிச்சையின் தரத்தைவிடச் சிகிச்சை தொடங்கும் காலமே விளைவைத் தீர்மானிக்கிறது.

தமிழகத்தின் கண் மருத்துவ மரபு

தமிழ் மருத்துவ நூல் மரபில் கண்ணுக்குத் தனியிடமுண்டு. அகத்தியர் நயனவிதி, நாகமுனிவர் நயனவிதி முதலிய நூல்கள் கண்நோய்களைத் தொண்ணூற்றாறாக வகுத்துரைக்கும் மரபினவை. நீரிழிவும் மதுமேகம் எனும் பெயரால் சித்த மருத்துவத்தில் விரிவாகப் பேசப்படுகிறது. ஆயின் கண்ணகநோக்கி தோன்றாத காலத்தில் உலகின் எந்த மருத்துவ மரபுக்கும் விழித்திரை புலனாகவில்லை. நீரிழிவு நூலும் நயன நூலும் தத்தம் வழியே சென்றமைக்கு இதுவே காரணம் எனலாம்.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி காலத்துச் சான்றொன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. கண்புரை முதலிய நோய்களுக்குச் சிகிச்சை பெற்றோரின் விவரங்கள், கண்ணின் வண்ண ஓவியங்களுடன் எழுதப்பட்டுச் சரசுவதி மகால் நூலகத்தில் காக்கப்பட்டு வந்துள்ளன. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒரு கண்ணின் நிலையைப் பதிந்துவைக்கும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தமிழ் மண்ணில் இருந்ததற்கு இது சான்று. ஒரே கண்ணைக் காலந்தோறும் பார்த்து ஒப்பிடுதல் என்னும் இவ்வெண்ணமே நீரிழிவு விழித்திரை நோய்த் தடுப்பின் உயிர்நாடியாகும்.

1819இல் சென்னையில் தோன்றிய கண் மருத்துவமனை, ஆசியாவின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்றாக எழும்பூரில் இன்றளவும் இயங்குகிறது. நீரிழிவைப் பொறுத்தவரை, 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் மு. விசுவநாதன் தொடங்கிய நீரிழிவுப் பிரிவு ஒரு திருப்புமுனை. 1978இல் மருத்துவர் எஸ். எஸ். பத்ரிநாத் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். இவ்வாறு கண்ணுக்கும் நீரிழிவுக்கும் தனித்தனியே வலுவான நிறுவனங்கள் அமைந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட விழித்திரை எவருடைய பொறுப்பு என்னும் வினா மட்டும் நெடுநாள் எஞ்சியிருந்தது. நீரிழிவு மருத்துவர் கண்ணைப் பார்ப்பதில்லை. கண் மருத்துவரிடம் நீரிழிவாளர் பார்வை மங்கிய பின்பே வருகிறார்.

முகாம் மரபும் அதன் எல்லையும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகச் சிற்றூர்களுக்குக் கண் மருத்துவம் சென்றடைந்தது முகாம்கள் வழியாகவே. பள்ளிக்கூடத்திலோ திருமண மண்டபத்திலோ ஒருநாள் முகாம் நடைபெறும். தண்டோராவும் சுவரொட்டியும் செய்தி பரப்பும். வெண்புரை படர்ந்த கண்ணினரை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். அவர்கள் பேருந்தில் அழைத்துச் செல்லப்பட்டு, அறுவை செய்யப்பட்டு, சில நாட்களில் பார்வையுடன் ஊர் திரும்புவர். 1992இல் மதுரையில் தொடங்கப்பட்ட அரோலேப், உள்விழி ஆடிகளைக் குறைந்த விலையில் ஆக்கித் தந்து இப்பணியின் வீச்சைப் பெருக்கியது. 1994 முதல் 2002 வரை உலக வங்கி உதவியுடன் ஏழு மாநிலங்களில் நடைபெற்ற கண்புரைத் திட்டத்தில் தமிழ்நாடும் இடம்பெற்றது.

இம்மரபின் வெற்றி ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் அதன் உள்ளமைப்பைக் கூர்ந்து நோக்கினால் நான்கு இயல்புகள் புலப்படும். கண்புரையை நோயாளரும் குடும்பத்தாரும் தாமே அறிகின்றனர். கண்புரைக்கு எப்போது அறுவை செய்தாலும் பெரும்பாலும் பார்வை மீள்கிறது, தாமதம் பெருங்குற்றமாவதில்லை. சிகிச்சை ஒரு கண்ணுக்கு ஒருமுறையே. பார்வை பெற்றுத் திரும்பியவரே அடுத்த முகாமுக்கு விளம்பரம் ஆகிறார்.

நீரிழிவு விழித்திரை நோயில் இந்நான்கும் தலைகீழாகின்றன. நோய் எவர்க்கும் புலப்படுவதில்லை. தாமதம் மீளா இழப்பாகிறது. பரிசோதனை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டியது. சிகிச்சை பெற்றவர் தமக்குப் புதிதாகப் பார்வை வந்ததாக உணர்வதில்லை. இருந்த பார்வை நிலைத்தது என்பதை ஊரார்க்கு எடுத்துக்காட்டவும் இயலாது. முகாமை வளர்த்த நன்றியுணர்வும் வாய்மொழிச் சான்றும் இங்கே பிறப்பதில்லை. எனவே முகாம் வடிவத்தையே நீரிழிவுக்கும் நீட்டித்தபோது அது பாதித் தொலைவே சென்றது.

சென்னை முதல் சிற்றூர் வரை

நோயின் அளவை அறியும் முயற்சிகள் முதலில் நகரத்தை மையமிட்டன. சென்னையில் நடைபெற்று 2005இல் வெளிவந்த ஆய்வு, நீரிழிவாளருள் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை நோய் இருப்பதைக் கண்டது. சங்கர நேத்ராலயா சென்னையில் மேற்கொண்டு 2009இல் வெளியிட்ட ஆய்வு 18 விழுக்காடு என்றது. வெவ்வேறு குழுவினர் செய்த இரு ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே எண்ணைத் தந்தமை அவற்றின் நம்பகத்தைக் கூட்டியது. ஊர்ப்புறத்தில் தேனி மாவட்டத்தில் அரவிந்த் நிறுவனம் நடத்திய ஆய்வு 12.2 விழுக்காட்டையும், காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வு 10.3 விழுக்காட்டையும் காட்டின.

ஊர்ப்புற எண் குறைவாயிருப்பதை ஆறுதலாகக் கொள்வது பிழையாகும். விழித்திரை நோய் நீரிழிவின் வயதைப் பின்தொடர்வது. ஊர்ப்புறத்தில் நீரிழிவு பிந்திப் பரவியதெனின், விழித்திரை நோயும் பிந்தி வந்து சேரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, தன் முதற்கட்டத்தில் தமிழகத்தில் 10.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளதென 2011இல் அறிவித்தது. அதே ஆய்வின் 2023ஆம் ஆண்டு அறிக்கையில் அவ்வெண் 14.4 எனக் குறிக்கப்பட்டது. நாட்டில் நீரிழிவாளர் தொகை 10 கோடியைக் கடந்தது. இன்று நீரிழிவு கண்டறியப்படும் ஒருவர் பத்து, பதினைந்து ஆண்டுகளில் விழித்திரை நோயின் வாயிலில் நிற்பார் என்பதே இவ்வெண்களின் பொருள்.

கண்ணை நகரத்துக்குக் கொணர்வதற்கு மாற்றாகக் கண்ணின் படத்தை நகரத்துக்கு அனுப்பும் முயற்சி 2003க்குப் பின் வலுப்பெற்றது. சங்கர நேத்ராலயாவும் அரவிந்தும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைப்பைக் கொண்டு ஊர்திவழித் தொலைக் கண் மருத்துவத்தைத் தொடங்கின. 2006இல் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேடு வட்டாரத்தில், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்ட திட்டம் இவ்வரலாற்றில் தனியே நோக்கத்தக்கது. 42 சிற்றூர்களில் வயதுவந்தோர் ஏறத்தாழ 27,000 பேருள் 23,000க்கும் மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டனர். விழித்திரைப் படக்கருவி பொருத்திய ஊர்தி ஊருக்குள் சென்றது. படங்கள் செயற்கைக்கோள் வழியே சென்னை சென்றன. ஊர்தியோடு நில்லாமல் அங்கேயே ஒரு நீரிழிவு மையமும் நிறுவப்பட்டது. சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்த நோயாளர் ஐந்து விழுக்காட்டினும் குறைவு. ஊர்தி நோயாளரைக் கண்டது. நிலையான மையம் அவரை விடாது பற்றியது. இவ்விரண்டின் இணைப்பே அதன் பயனுக்குக் காரணம்.

கல்வராயன் மலை: பிந்தி வந்த அரசு, முந்தி வந்த நோய்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன், ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. வடக்கே சின்னக் கல்வராயன் என்றும் தெற்கே பெரிய கல்வராயன் என்றும் வழங்கும். மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்தையும் கிழக்குப் பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்தையும் சார்ந்தவை. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கூறும் வழக்குடையவர். சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஆகியோர் பெயரால் வழங்கிய ஜாகீர்களின்கீழ் இம்மலை நெடுங்காலம் இருந்தது. விடுதலைக்குப் பின் ஏறத்தாழ முப்பதாண்டுகள் கழித்தே, 1976இல், அந்நிலை மாறியது.

நிருவாக எல்லைகளின் மாற்றமும் கண் மருத்துவத்தின் வரலாற்றில் பொருளுடையது. கள்ளக்குறிச்சி முதலில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காட்டிலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்தது. 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒருங்கே திறந்துவைக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கள்ளக்குறிச்சிக் கல்லூரியும் ஒன்று. அதுவரை மலையிலிருந்து உயர்நிலை மருத்துவம் தேடுவோர் விழுப்புரத்துக்கோ சேலத்துக்கோ புதுச்சேரிக்கோ செல்ல வேண்டியிருந்தது. வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியே கள்ளக்குறிச்சிக்கு இறங்கவும் நேரம் வேண்டும். விழித்திரைப் பரிசோதனைக்குக் கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபின் சில மணி நேரம் பார்வை கூசும்; இருசக்கர ஊர்தி ஓட்ட இயலாது; துணைக்கு ஒருவர் வேண்டும். ஆக, குறையேதும் உணராத ஒருவருக்காக இருவரின் ஒருநாட் கூலி இழக்கப்பட வேண்டும். மலைவாழ் மக்கள் பரிசோதனைக்கு வராமையை அறியாமை என ஒதுக்குவோர் இக்கணக்கைப் பார்க்கத் தவறுகின்றனர்.

மலையின் வாழ்வும் மாறியுள்ளது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றைச் சார்ந்திருந்த உணவில் பொது விநியோக அரிசி முதலிடம் பெற்றது, மரவள்ளி பணப்பயிராயிற்று. வேலை தேடி ஆண்டில் சில மாதங்கள் கேரளம், கருநாடகம் முதலிய மாநிலங்களுக்குச் செல்வோர் பலர். ஒருவரை ஒருமுறை கண்டறிவது இச்சூழலில் கடினமன்று. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அவரை மீண்டும் காண்பதே கடினம்.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நேர்ந்த நச்சுச் சாராயக் கொடுமை இங்கு நினைவுகூரத்தக்கது. மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிர்தப்பியோருள் சிலர் பார்வையை இழந்தனர். மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைச் சில மணி நேரத்தில் தாக்குவது. அத்துயரைத் தொடர்ந்தே சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து கல்வராயன் மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்த வழக்கை எடுத்துக்கொண்டது. ஓரிரவில் நேரும் பார்வையிழப்பு நாட்டின் மனச்சான்றை உலுக்குகிறது. பத்தாண்டுகளில் ஓசையின்றி நேரும் பார்வையிழப்பு எந்த நாளேட்டிலும் செய்தியாவதில்லை. எந்த நாளில் அது நேர்ந்தது என்று சொல்லவும் இயலாது. அதனாலேயே அதைத் தேடிக் காணும் கடமை அரசினுடையதாகிறது.

பெயரும் நோயும்

மக்கள் வழக்கில் இந்நோய் சர்க்கரை நோய், சுகர் எனப்படுகிறது. எழுத்து வழக்கில் நீரிழிவு. முன்னது இரத்தத்தைச் சுட்டுகிறது. பின்னது சிறுநீரைச் சுட்டுகிறது. இவ்விரு பெயர்களிலும் கண்ணுக்கு இடமில்லை. கண் பரிசோதனை என்னும் தொடரும் பொதுவழக்கில் கண்ணாடிக்கான பரிசோதனையையோ கண்புரைப் பரிசோதனையையோ குறிக்கிறது. முகாமில் எழுத்துப் பலகையைப் படித்துக் கண்ணாடி பெற்றவர் தம் கண் பார்க்கப்பட்டுவிட்டதாகவே கருதுவார். விழித்திரை பார்க்கப்படவில்லை என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. எனவே விழித்திரைப் படம் என்னும் தொடரை மக்கள் வழக்குக்குக் கொணர்தல், சொல்லாக்கப் பணி மட்டுமன்று, நோய்த்தடுப்புப் பணியுமாகும். மார்புப் படம், வயிற்று ஸ்கேன் ஆகியவை சிற்றூர் வழக்கில் கலந்துவிட்டமை இது இயலும் என்பதற்குச் சான்று.

படம் எடுத்த பின்

கடந்த பத்தாண்டுகளில் கருவி பெரும் தடையாக இருந்த நிலை மாறிவருகிறது. 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, விழித்திரைப் படங்களைச் செயற்கை நுண்ணறிவு வல்லுநர்க்கு இணையாக மதிப்பிடுவதைக் காட்டியது. அந்த முயற்சியில் அரவிந்த், சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் பயன்பட்டன. 2018இல் சென்னையில் 301 நீரிழிவாளரிடம் கைபேசியுடன் இணைந்த படக்கருவியைக் கொண்டு செய்த ஆய்வில், விழித்திரை நோயை 95.8 விழுக்காடும், பார்வையை அச்சுறுத்தும் நிலையை 99.1 விழுக்காடும் நுண்ணறிவு மென்பொருள் சரியாக அடையாளம் கண்டது. நோயற்றோரைச் சரியாக விலக்கும் திறன் ஏறத்தாழ 80 விழுக்காடே. சமவெளியில் இது சிறு குறை. மலையில், தேவையின்றிக் கீழே அனுப்பப்படும் ஒவ்வொருவரும் இருவர் கூலியை இழந்து வருபவர். இல்லை எனத் திரும்பியவர் மறுமுறை அழைத்தால் வருவது ஐயமே.

இங்கிலாந்தின் பட்டறிவு இதற்கு விளக்கம் தருகிறது. அந்நாடு 2003 முதல் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட நீரிழிவாளர் அனைவரையும் பதிவேட்டில் சேர்த்து ஆண்டுதோறும் கடிதம் அனுப்பி அழைக்கும் முறையைப் படிப்படியாக நாடெங்கும் அமைத்தது. உழைக்கும் வயதினரிடையே பார்வையிழப்புச் சான்று பெறுவதற்கான காரணங்களுள் நீரிழிவு விழித்திரை நோய் முதலிடத்தில் இல்லை என்னும் நிலை, குறைந்தது ஐம்பதாண்டுகளில் முதன்முறையாக, அங்கே 2009-10ஆம் ஆண்டுக் கணக்கில் தோன்றியதாக 2014இல் வெளிவந்த ஆய்வு கூறியது. அங்குப் பயன்பட்ட படக்கருவி உலகெங்கும் கிடைப்பதே. வேறுபாடு பதிவேட்டில் இருந்தது. அதில் பெயருள்ளவர் வராவிடின் வராமை தெரிந்தது, மீண்டும் அழைக்கப்பட்டார்.

தமிழகத்தில் இத்தகைய பதிவேட்டுக்கு மிக அணுக்கமானது 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் ஆகும். நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளரின் இல்லத்துக்கே மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் மருந்து கொண்டுசெல்கின்றார். முகாம் மரபோடு ஒப்பிட இதன் வரலாற்றுப் புதுமை விளங்கும். முகாமில் மக்கள் மருத்துவத்தைத் தேடி ஒருநாள் வந்தனர். இங்கு மருத்துவம் அதே மனிதரின் வாயிலுக்கு மீண்டும் மீண்டும் செல்கிறது. விழித்திரை நோய்த் தடுப்புக்கு வேண்டுவது இந்த மீள்வருகையே. மருந்து பெறுவோர் பட்டியலில் விழித்திரைப் படம் எடுத்த நாள் என்னும் ஒரு கட்டம் சேர்ந்தால், அந்தப் பட்டியலே அழைப்புப் பதிவேடாகும். கரியாலூரிலும் சேராப்பட்டிலும் வாழ்வோர்க்கு வெள்ளிமலையிலேயே படமெடுக்கும் வாய்ப்பும், தேவையானோர்க்கு மட்டும் கள்ளக்குறிச்சியில் லேசர் சிகிச்சையும், வெளியூர் சென்றோர் திரும்பும் மாதத்தை ஒட்டிய அழைப்பும் அமையுமாயின், சூணாம்பேடு காட்டிய இணைப்பு மலையிலும் இயலும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. நீரிழிவு விழித்திரை நோயைத் தடுக்கும் அறிவு 1976இலேயே உறுதிப்பட்டது. தமிழகத்தின் கண் மருத்துவப் பொதுநல மரபு கண்புரையைச் சார்ந்து முகாம் வடிவில் வளர்ந்தமையால், முறையீடற்ற, மீள்பரிசோதனை வேண்டும் நோய்க்கு அவ்வடிவம் முழுதும் பொருந்தவில்லை. தொலை மருத்துவமும் செயற்கை நுண்ணறிவும் பார்க்கும் தொலைவைக் குறைத்தன. மீண்டும் பார்க்கும் கடமையை அவை தாமாக நிறைவேற்றுவதில்லை. ஊர்தியும் நிலையான மையமும் இணைந்த இடத்தில் பயன் விளைந்தது.

கல்வராயன் மலையில் அரசு பிந்தி வந்தது. மருத்துவக் கல்லூரி அதனினும் பிந்தி வந்தது. நீரிழிவோ இரண்டுக்கும் காத்திருக்கவில்லை. அங்கு இன்று நீரிழிவு மாத்திரை பெறுவோர் பெரும்பாலோர்க்குப் பார்வை தெளிவாகவே இருக்கும். அத்தெளிவு உள்ளபோதே அவர்தம் விழித்திரை பார்க்கப்பட வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் ஒரு கண்ணின் இருநிலைகளை வரைந்துவைத்த பதிவேட்டின் பொருளும் அதுவே: ஒரு கண்ணைக் காத்தல் என்பது அதே கண்ணை மறுமுறையும் பார்த்தல்.